பதினோரு பாட்டும் ஒரு கையெழுத்தும்

தண்ணீர் மீட்டர் சோதனை அறையில் அவனுக்குப் பெயர் கையெழுத்து. பெற்றவர்கள் வைத்த பெயர் கதவுப் பலகையில் தூசி படிந்து கிடந்தது. அதை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகு திரும்பினால் ‘கையெழுத்து’.

காரணம் இல்லாமல் இல்லை. ஓடிக் களைத்த மீட்டர்களெல்லாம் பழுது பார்க்கப்பட்டு அந்த அறைக்கு வரும். நீளமான இரும்பு பெஞ்சில் அவற்றைப் பத்துப் பத்தாக மாட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். மறுமுனையில் நூறு லிட்டர் தொட்டி. தொட்டி நூறு காட்டினால் மீட்டரும் நூறு காட்ட வேண்டும். காட்டினால் கம்பி கோத்து ஈய முத்திரை வைப்பார்கள். காட்டாவிட்டால் திரும்பவும் பிரித்துப் போடுவார்கள். இது அத்தனையும் ஆறு பேர் வேலை. ஏழாவது ஆளான இவனுக்கு ஒரு கண்ணாடி அறை, ஒரு சுழல் நாற்காலி. ஒவ்வொரு மீட்டரின் அட்டையிலும் ‘பார்த்தேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினேழு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு மீட்டரின் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை.

அந்த அறைக்குக் குழாய் போட்டவன் நான். நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது எனக்கு. ஆனாலும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவேன். நான் மாட்டிய வால்வு எதுவும் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆகையால் இவனைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இவன் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரன் தாளைப் பார்த்து எழுதினான். காலேஜில் கடைசி வருஷம் கொடுக்க வேண்டிய கட்டுரையைச் சித்தப்பா மகன் எழுதினான். இவன் அட்டை போட்டான், அந்த அட்டையும் கடையில் போட்டது. வேலைக்கு மாமா ஒரு வார்த்தை சொன்னார். பெண்ணைக்கூட அக்காதான் போய்ப் பார்த்தாள். போட்டோவை நீட்டியபோது இவன் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே ‘சரி’ என்றான். அதிர்ஷ்டக்காரன், நல்ல பெண்ணாக அமைந்துவிட்டாள். அவளுடைய அதிர்ஷ்டத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஒரே மகள், பன்னிரண்டு வயசு. அப்பன் சாடை மூக்கோடு நின்றது. புத்தி முழுக்க வேறு. எதையும் தானே பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாளில், பெற்றோர் கையெழுத்துக்கு மேலே, ‘எனக்கு முதுகில் இறக்கை முளைத்திருப்பதால் கூட்டத்துக்கு வர இயலாது’ என்று எழுதி நீட்டினாள். இவன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் போட்டுக் கொடுத்தான். அவள் அதை டீச்சரிடம் கொடுக்கவில்லை. நாலாக மடித்து அம்மாவிடம் காட்டினாள். அம்மா சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

அந்த மகளிடம் ஒரு வீடியோ கேம் இருந்தது. டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி, கையில் பிடிக்க ஒரு கன்ட்ரோல். இந்த மாதிரி விளையாட்டெல்லாம் எனக்குத் தெரியாது. சோதனை அறையிலிருக்கும் பெஞ்ச் அக்கா பிறகு ஒருநாள் விளக்கிச் சொன்னாள். ஒரு தடவைதான் கேட்டேன், பிடிபட்டுவிட்டது.

கதை இதுதான். ஓர் ஊமைப் பெண் தோளில் ஒரு குழலைப் போட்டுக்கொண்டு தேசம் முழுக்க நடக்கிறாள். கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. பாட்டுதான் ஆயுதம். கன்ட்ரோலில் ஐந்து பட்டன், ஐந்தும் ஐந்து சுரம். ஆனால் பாட்டு சும்மா கிடைக்காது. வறண்ட கிணற்றடியில் ஒரு கிழட்டுத் தேரை உட்கார்ந்திருக்கும். எங்கிருந்தாவது ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அதன் தலையில் ஊற்ற வேண்டும். அப்புறம்தான் அது மழைப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கும். அது ஊதும், நாம் திருப்பி ஊத வேண்டும். மூன்று தரம் பிசகாமல் ஊதினால் குழலில் ஒரு வளையம் ஒளிரும். பாட்டு நம்முடையது. அதற்குப் பிறகு எங்கே நின்று ஊதினாலும் மழை கொட்டும். இப்படியே கல்கதவைத் திறக்க ஒரு பாட்டு, ராட்சதக் காவலாளிகளைத் தூங்கவைக்க ஒரு பாட்டு, பாய்மரத்தைத் திருப்ப ஒரு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொருவருக்கும் ஒரு குறை. அதைத் தீர்த்துவைத்தால்தான் பாட்டு. மொத்தம் பதினொன்று. கடைசிப் பாட்டை ஊதினால் படுத்துக்கிடக்கும் மலை எழுந்து நடக்குமாம்.

மகள் ஒன்றரை வருஷத்தில் பத்துப் பாட்டுக் கற்றிருந்தாள். யாரையும் கேட்கவில்லை. நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளவும் இல்லை. பாட்டெல்லாம் விரலில் இருந்தது. அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு என் சின்ன வயசு ஞாபகம் வருகிறது, பொய் சொல்லவில்லை.

பள்ளி விடுமுறை. பெரியம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது என்று அம்மாவும் மகளும் பதினோரு நாள் போய்வரக் கிளம்பினார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகள் சோபாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அப்பா, இங்க பாருங்க.”

“ம்.”

“பேப்பரைக் கீழ வைங்கப்பா. பதினோராவது பாட்டு ஒண்ணுதான் பாக்கி. வந்து நான்தான் கத்துக்கணும். அதுவரைக்கும் இதை நீங்க தொடக்கூடாது. தொடமாட்டேன்னு சொல்லுங்க.”

“நான் எதுக்கும்மா அதைத் தொடப்போறேன்? தொடமாட்டேன்.”

“இதுவும் கையெழுத்து மாதிரி இல்லையே?”

“வாடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள் அம்மா வாசலிலிருந்து.

“இரும்மா. இது ஒண்ணையாவது அப்பா காப்பாத்துறாரான்னு பாக்கறேன். இதுலயும் இல்லைன்னா அப்புறம் நான் அவர்கிட்ட எதையும் சொல்லவே போறதில்லை.”

பன்னிரண்டு வயசுப் பிள்ளை பெற்ற அப்பனுக்குப் போட்ட கடைசிக் கெடு அது. கொஞ்சமாவது ரோஷம் உள்ளவன் அந்தப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்வான். இவன் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

வாக்கு இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் ஆபீஸில் டீ குடிக்கும்போது கிளார்க் தன் மகனைப் பற்றிப் பேச்செடுத்தார். அவனும் இதே கேம்தானாம். ஆறாவது பாட்டில் சிக்கிக்கொண்டு நிற்கிறானாம்.

“ஆறுலயேவா?” என்றான் இவன். “எங்க வீட்ல பத்து முடிஞ்சாச்சே.”

“பத்தா! பொண்ணு கெட்டிக்காரி சார்.”

அதோடு வாயை மூடியிருக்கலாம். “அவளுக்கு என்ன தெரியும்? பின்னாலருந்து நான்தான் சொல்லிக் குடுப்பேன்” என்றான்.

“நீங்களா? பதினோராவது ரொம்பக் கஷ்டம்னு பையன் சொல்றானே சார்.”

“கஷ்டம் என்ன கஷ்டம்? இன்னிக்கு முடிச்சிட்டு நாளைக்கு வந்து சொல்றேன், பாருங்க.”

கிளார்க் உடனே கம்ப்யூட்டரில் தேடி, பதினோரு பாட்டுக்கும் எந்தப் பட்டனுக்குப் பின் எந்தப் பட்டன் என்று ஒரு தாள் அச்சடித்துக் கையில் கொடுத்தார். மேல், மேல், இடது, நடு, கீழ் என்று ஓடியது தாள். வழியை விட்டுவிட்டு ஊரை மட்டும் வாங்கி வந்த மாதிரி இவனுக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் வீட்டில் பெட்டியை உயிர்ப்பித்தான். மகளுடைய ஊமைப் பெண் ஒரு பனி மலையடியில் நின்றிருந்தாள். குழலில் பத்து வளையம் ஒளிர்ந்தது. தாளைப் பார்த்து மலைப் பாட்டை அழுத்தினான். குழல் ஊதியது. மலை படுத்தே கிடந்தது. திரும்ப அழுத்தினான். கிடந்தது. இருபது தடவை, இருபத்தைந்து தடவை. அந்த மலைக்குக் கீழே ஒரு குகை, குகைக்குள்ளே ஒரு கல் உடைக்கும் கிழவி, அவள் ஊத நாம் கேட்டால்தான் குழலில் அந்தப் பாட்டு ஏறும். கேட்காத பாட்டை எத்தனை சரியாக ஊதினாலும் அது வெறும் காற்றுதான். அங்கேயே ஒரு பலகையில் எழுதியும் வைத்திருந்தது. இவன் எந்தப் பலகையைப் படித்திருக்கிறான்?

பெட்டியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினான். தன்னிடம் கோளாறு இருக்கலாம் என்ற நினைப்பு அவனுக்கு நாற்பத்து மூன்று வருஷத்தில் ஒருநாளும் வந்ததில்லை. அன்றைக்கு மட்டும் எப்படி வரும்? எங்கெங்கோ அழுத்தி, ‘புதிய பயணம்’ என்ற இடத்துக்குப் போனான். திரையில் ஒரு கட்டம் வந்தது. கட்டத்துக்குள் நாலு வரி. பழைய பயணம் முழுவதும் அழிந்துபோகும், திரும்பக் கிடைக்காது, இத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறாய், நன்றாக யோசித்தாயா என்று நாலு வரியிலும் கெஞ்சியது. கீழே இரண்டு பட்டன்: சரி, வேண்டாம்.

இவன் விரல் எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

திரை இருண்டு வெளுத்தது. வறண்ட கிணறு. கிழட்டுத் தேரை. ‘அப்பாடா, சரியாகிவிட்டது’ என்று இவன் காலை நீட்டிக்கொண்டான். குழலைப் பார்த்தான். பதினோரு வளையமும் இருட்டு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு காலை மடக்கிக்கொண்டான். மகள் சோபாவுக்கு முன்னால் நின்று சொன்னது அப்போதுதான் முதல்முறையாக அவன் காதில் விழுந்தது.

ஒரு வார்த்தை அவனுக்காகச் சொல்ல வேண்டும்: பயந்தான். நிஜமாகவே பயந்தான். பெண்டாட்டி திட்டுவாள் என்றல்ல. அது பழகிப்போன சமாச்சாரம். மகள் திட்டமாட்டாள். அதுதான் பயம். பேசாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள், அதற்கப்புறம் அந்த வீட்டில் அவன் நாற்காலி, மேஜை மாதிரி ஒரு சாமான். அவள் வருவதற்குள் பத்து வளையமும் திரும்ப ஒளிர வேண்டும். எட்டு நாள் இருந்தது. ஒரு மனிதன் கீழே உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் போதுமான நாள்தான்.

மறுநாள் காலை பெட்டியைத் துணிப்பையில் போட்டு ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போனான்.

சோதனை அறையின் மூலையில் பயிற்சிப் படம் காட்ட ஒரு டிவி உண்டு. அதில் பெட்டியை மாட்டச் சொன்னான். ஆறு பேரையும் கூப்பிட்டு, கிளார்க் கொடுத்த தாளை மேஜையில் வைத்தான்.

“பத்துப் பாட்டு. ஆளுக்கு ஒண்ணு ரெண்டு பிரிச்சுக்குங்க. சாப்பாட்டு நேரத்துல பண்ணுங்க, சாயங்காலம் தொட்டி வடியற நேரத்துல பண்ணுங்க. எட்டு நாள்ல முடிஞ்சிருக்கணும்.”

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு வயிறும் தொட்டி மாதிரிதான், பெயரும் தொட்டிதான். அவன் கன்ட்ரோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “சார், இது மீட்டர் இல்லையே?”

“மீட்டர்னே நினைச்சுக்க.”

“அப்ப பழுது யாருக்கு சார்?” என்று கேட்டாள் முத்திரைக்காரி, ஈயத்தை இடுக்கியில் நெரித்தபடியே. மற்றவர்கள் சிரிப்பை அடக்கப் பெஞ்சுக்குக் கீழே குனிந்து எதையோ தேடினார்கள். இவன் கேட்காத மாதிரி கண்ணாடி அறைக்குள் போனான்.

வேலை தெரிந்தவர்கள் கையில் எதைக் கொடுத்தாலும் அது வேலையாகிவிடும். இது நான் அனுபவத்தில் கண்டது. தொட்டிதான் முதல் நாள் மழைப் பாட்டை வாங்கினான். “குடத்துல முக்கால் ஊத்தினா தேரை வாயைத் திறக்க மாட்டேங்குது, வழிய வழிய ஊத்தணும்” என்று இரண்டாம் ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தான். கதவுப் பாட்டை மீட்டர் மாட்டுகிறவர்கள் இரண்டு பேர் மாறி மாறி வாங்கினார்கள். தாளைப் பார்த்து அழுத்தினால் கை பிசகுகிறது என்று மூன்றாம் நாளே தாளை மடித்து ஆடும் பெஞ்சுக் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டார்கள். காதால் கேட்டார்கள், கையால் ஊதினார்கள்.

தூக்கப் பாட்டுதான் தண்ணி காட்டியது. அதை மெதுவாக ஊத வேண்டும், அதுவும் ஒரே சீராக. ஒரு சுரம் கொஞ்சம் முந்தினாலும் ராட்சதன் விழித்துக்கொண்டு உதைப்பான். நாலு பேர் உதை வாங்கினார்கள். கடைசியில் பெஞ்ச் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மீட்டர் முகத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் சுற்றும். துளித் தண்ணீர் போனாலும் அது அசையும். சொட்டு சொட்டாக விட்டு, அந்த நட்சத்திரத்தைக் கண்கொட்டாமல் எண்ணுவது அவளுடைய இருபத்திரண்டு வருஷத்து வேலை.

“ஒரு மீட்டரைத் திறந்து விடு” என்றாள் தொட்டியிடம். “சொட்டு விழட்டும்.”

நட்சத்திரம் சுற்றியது. ஒரு சுற்றுக்கு ஒரு பட்டன். டிவியைப் பார்க்கவே இல்லை அவள். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஊதினாள். ராட்சதன் கொட்டாவி விட்டுச் சாய்ந்தான். அறையே விசில் அடித்தது.

கண்ணாடிக் கதவைத் திறந்து இவன் எட்டிப் பார்த்தான். “எத்தனை ஆச்சு?”

“நாலு சார்.”

“ம், சீக்கிரம்.” கதவு மூடிக்கொண்டது. ஒருநாளும் இரண்டு அடி உள்ளே வந்து என்ன பாட்டு, எப்படி என்று அவன் கேட்கவில்லை. உட்கார்ந்து கேட்டிருந்தால் அவனுக்கே ஒன்றிரண்டு வந்திருக்கும். கல்லுக்கும் காது உண்டு அந்த விளையாட்டில்.

ஆறாம் நாள் மத்தியானம் முத்திரைக்காரி கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

“சார், பறவைப் பாட்டு வந்திருக்கு. ஒரு சந்தேகம்.”

“தாளைப் பாரு.”

“தாள்ல இந்த இடம் காலியா இருந்துச்சு சார். கூண்டுல ஒரு பறவை. அது பாட்டு சொல்லிக் குடுக்காதாம். நம்மளை ஒண்ணு கட்டிச் சொல்லிக் குடுக்கச் சொல்லுது. எட்டு சுரம், நம்ம இஷ்டம். அதுக்கப்புறம் அந்தப் பாட்டைக் கேட்டாத்தான் அது பறந்து வருமாம். பாப்பா என்ன பாட்டு கட்டிச்சு?”

இவன் பேனாவை மூடினான். “என்ன பாட்டுன்னா?”

“வீட்ல ஊதியிருக்குமே சார். ஒரு வருஷமா ஊதியிருக்கும். உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும், தெரியும். நாளைக்குச் சொல்றேன்.”

வீட்டுக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டான். சுற்றி வளைத்து நாலு விஷயம் பேசிவிட்டுக் கேட்டான். 

“தொட்டுட்டீங்க, இல்ல?” என்றாள் அவள்.

“தொடலை. சும்மா கேட்டேன்.”

“சும்மா எதையும் கேக்கற ஆளா நீங்க?”

“கொஞ்சம் பாடிக் காட்டேன், எட்டே சுரம்தானாம்.”

“எனக்குத் தெரியும். பாத்திரம் கழுவறப்பகூட வாயில வரும். ஆனா பாடமாட்டேன். ஒரு வருஷமா அவ அந்த ஹால்ல உக்காந்து ஊதினா. நான் அடுப்படியில இருந்தேன், நீங்க அவளுக்கு நாலு அடி தள்ளி சோபாவுல இருந்தீங்க. நீங்களே ஞாபகப்படுத்திப் பாருங்க. அதுகூட முடியலைன்னா நான் ஏன் முட்டுக் குடுக்கணும்? இத்தனை வருஷம் குடுத்தது போதும்.” போனை வைத்துவிட்டாள்.

சோபாவில் உட்கார்ந்தான். அதே இடம், அவன் முதுகு பட்டுப் பட்டு அந்த இடம் குழிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தேடினான். ஒரு சோப்பு விளம்பரத்துப் பாட்டு வந்தது. ஆபீஸ் லிஃப்ட் கதவு திறக்கும்போது வரும் மணி வந்தது. யாரோ ஒருவருடைய போன் அழைப்பு முழுசாக வந்தது, ஒரு சுரம் பிசகாமல். மகள் தினமும் விளையாட்டை நிறுத்துவதற்கு முன்னால் எதையோ ஊதுவாள், ஒரு சிறகடிப்புச் சத்தம் கேட்கும், அவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள்; இவ்வளவும் ஞாபகம் வந்தது. உடனே தன் குரலும் ஞாபகம் வந்தது: “சத்தத்தைக் குறைம்மா.” தன் குரல் அத்தனை துல்லியமாகக் கேட்டது. எந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னானோ அது மட்டும் வரவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். தான் பெற்ற பிள்ளை தானாகக் கட்டிய எட்டே எட்டு சுரம். அதை வெளியே எங்கும் விற்கவில்லை, எந்தத் தாளிலும் அச்சடிக்கவில்லை, இரவல் கொடுக்க ஒரு ஆளும் இல்லை. அவன் ஆயுசிலேயே முதல்முறையாக அவனேதான் கொண்டுவர வேண்டிய ஒரு பொருள். கை வெறுமையாக எழுந்தான்.

மறுநாள் முத்திரைக்காரி, “சொல்லுங்க சார்” என்று கன்ட்ரோலைப் பிடித்தபடி காத்திருந்தாள். அறையில் எல்லாரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். இந்த ஒன்றை அவன் சொல்வான் என்று நம்பித்தான் திரும்பினார்கள் என்று பெஞ்ச் அக்கா பிறகு சொன்னாள்.

“ஏதாவது போட்டுக்க” என்றான் இவன்.

“ஏதாவதுன்னா?”

“உனக்கு எது வருதோ அது.”

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, முத்திரை வைக்கும்போது தனக்குத் தானே முனகும் ஒரு மெட்டை எட்டு சுரமாக வெட்டி ஊதினாள். பறவை தலையைச் சாய்த்துக் கேட்டது. யாரும் விசில் அடிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த அறையில் ‘கையெழுத்து’ என்ற பெயர்கூட அவனுக்கு அதிகம் என்று ஆகிவிட்டது. ‘அந்த ஆள்’ என்று மட்டும் சொன்னார்கள்.

எட்டாம் நாள் பத்து வளையமும் ஒளிர, பெட்டியைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், இருந்த இடத்தில் இருந்தபடியே மாட்டிவைத்தான். தூசிகூடத் தட்டவில்லை.

மகள் வந்தாள். பையைக் கழற்றாமலே டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பத்து வளையமும் இருந்தன. சிரித்துக்கொண்டு எட்டுப் பட்டனை அழுத்தினாள். வானம் காலியாக இருந்தது. மறுபடி அழுத்தினாள். பையைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்றாம் முறை மெதுவாக, ஒவ்வொன்றாக அழுத்தினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா.”

“என்னம்மா?”

“என் பறவை வரலை.”

“எந்தப் பறவை? நான் அந்தப் பக்கமே போகலையே” என்றான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஒருநாள் கரண்ட் போச்சு. அதுல ஏதாவது…” என்றான். அவள் அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், இருப்பதிலேயே பெரிய பொய்யை எடுத்தான். “சரிம்மா, தெரியாம அழிஞ்சு போச்சு. அதான் நானே உக்காந்து பத்துப் பாட்டையும் திரும்பக் கத்துக்கிட்டேன். எட்டு நாள். உனக்காக.”

அந்தப் பிள்ளையின் முகம் மாறியதை அம்மா சமையலறை வாசலிலிருந்து பார்த்தாள். கோபம் வரவில்லை. மலர்ந்துவிட்டது. நம்பிவிட்டாள்! பறவை போனது, ஒன்றரை வருஷம் போனது, எல்லாம் அவளுக்கு அந்த நிமிஷம் பெரிதாகப் படவில்லை. நகர்ந்து உட்கார்ந்து அப்பனுக்கு இடம் விட்டாள். கன்ட்ரோலை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.

“நீங்களாப்பா? பத்துமா? தூக்கப் பாட்டு எப்படிப் போட்டீங்க? எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு தெரியுமா! எங்க, ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. நானும் பாக்கறேன்.”

அவன் வாங்கினான். தலைகீழாகப் பிடித்திருந்தான். அவளே அதைத் திருப்பி வைத்தாள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் ஒரு பட்டனை அழுத்தினான். இன்னொன்றை அழுத்தினான். குழல் ஏதோ சளி பிடித்த மாதிரி ஒரு சத்தம் போட்டது. சட்டைப் பையைத் தடவினான். தாள் பெஞ்சுக் காலுக்கடியில் இருந்தது. சிரிப்பு அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை அவன் பார்த்தான். அவன் வாழ்க்கையில் முழுசாகப் பார்த்தது அது ஒன்றுதான்.

“யார் போட்டது?” என்று கேட்டாள்.

“ஆபீஸ்ல… நம்ம ஆளுங்க.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

அவள் அழவில்லை. திரையில் குழலைத் திறந்து, பறவைப் பாட்டு எது என்று தேடி, அதில் எழுதியிருந்த எட்டு சுரத்தை ஊதினாள். பறவை வந்து தோளில் உட்கார்ந்தது.

“இது யாரோட பாட்டு?”

“முத்திரை வைக்கிறவங்களோடது.”

“நல்லா இருக்கு” என்று சொல்லிப் பெட்டியை அணைத்தாள்.

அடுத்த புதன்கிழமை ஒரு வால்வு மாற்ற நான் சோதனை அறைக்குப் போயிருந்தேன். என் வால்வு அல்ல, எனக்குப் பிறகு வந்த ஒருவன் மாட்டியது. தாயும் மகளும் துணிப்பையோடு உள்ளே வந்தார்கள். மகள் நேரே பெஞ்சுக்குப் போய், “நான் பாப்பா. வழியெல்லாம் நீங்கதான் நடந்தீங்க. கடைசிப் பாட்டை எல்லாரும் சேர்ந்து கத்துக்கலாம்னு வந்தேன்” என்றாள். பெஞ்ச் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தொட்டி தண்ணீரை நிறுத்தினான். குகைக்குள்ளே போய், கல் உடைக்கும் கிழவிக்குச் சம்மட்டிக்குப் பிடி போட்டுக் கொடுத்து, அவள் ஊதியதை ஆளாளுக்குக் கேட்டு, “அந்த மூணாவது சுரம் நீளம்”, “இல்லக்கா, நாலாவது” என்று சண்டை பிடித்து, மூன்று தரம் பிசகாமல் ஊதினார்கள். நானும் கையில் ஸ்பேனரோடு நின்று கேட்டேன். இப்போதும் என்னால் ஊத முடியும்.

மலை முதுகை உதறிக்கொண்டு எழுந்தது. பனி சரிந்தது. அந்த அறையில் போட்ட கூச்சலில் குழாய் அதிர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தான். கதவைத் திறந்து வரலாமா என்று ஒரு கை கைப்பிடியில் இருந்தது. வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. கை அங்கேயே இருந்தது.

மகள் வயரைச் சுருட்டிப் பெட்டியைப் பைக்குள் வைத்தாள். ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டாள். என்னிடமும்கூட, “வரேன் தாத்தா” என்றாள். கடைசியாக முத்திரைக்காரியிடம் வந்து, கண்ணாடிப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்:

“நாங்க கிளம்பிட்டோம்னு எங்க அப்பாகிட்ட சொல்லிடுங்க, அக்கா.”